மாறுகண் ஆபரேஷனா? பிள்ளை பக்கத்தில் நில்லுங்கள்!

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

அரை நாள் வேலையை விட்டுட்டு, இந்த வெயில்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதுக்கே முதல்ல நன்றி சொல்லணும். பின்னாடி நிற்கிற அண்ணன்மார்கள் முன்னாடி வந்து உட்காருங்க, இடம் இருக்கு.

நான் டாக்டர் இல்லைங்க. செய்தித் துறையில் எழுதுகிற வேலை. அரசு என்ன திட்டம் வைத்திருக்கிறது, அதை எப்படி வாங்குவது என்று மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதுதான் என் தினசரி வேலை. இந்தத் தலைப்பில் பேச எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பிக்கு 15 வயசுல மாறுகண் ஆபரேஷன் நடந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு மே மாதத்தில். ஆபரேஷனுக்கு முந்தைய நாளில் இருந்து சொட்டு மருந்து நிறுத்தும் வரை அவன் கூடவே இருந்தவள் நான்.

கண் மருத்துவர்கள் சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்வார்கள். கூட இருக்கிறவர்கள் என்ன செய்யணும் என்பதைத்தான் நான் பேசப் போகிறேன். பதின்மூன்று வயசுக்கு மேல் ஆன பிள்ளை குழந்தையும் இல்லை, பெரியவரும் இல்லை. தூக்கி மடியில் வச்சுக்கிட்டு சமாதானப்படுத்தவும் முடியாது. "நீயே பாத்துக்கோ"ன்னு விடவும் முடியாது. அதனால்தான் இந்த வயசுக்குத் தனியாக ஒரு பேச்சு தேவைப்படுகிறது.

மாறுகண் என்றால் என்ன?

ஒரு கண் நேராகப் பார்க்கும்போது இன்னொரு கண் மூக்குப் பக்கமாகவோ, காதுப் பக்கமாகவோ, மேலேயோ, கீழேயோ விலகி நிற்பதுதான் மாறுகண். ஒவ்வொரு கண்ணையும் அசைப்பதற்கு வெளிப்புறத்தில் 6 தசைகள் இருக்கின்றன. இரண்டு கண்ணின் தசைகளும் மூளை சொல்படி ஒன்றாக வேலை செய்ய வேண்டும். ரெண்டு மாடும் ஒரே பக்கம் இழுத்தால்தானே வண்டி நேராகப் போகும்? அந்த மாதிரிதான்.

சிலருக்கு பிளஸ் பவர் அதிகமாக இருப்பதால் கண் உள்பக்கம் திரும்பும். இவர்களில் பலருக்குச் சரியான கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். சிலருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவாக இருப்பதால் அந்தக் கண் விலகும். சில குடும்பங்களில் வழிவழியாக வரும். பலருக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் தெரியாது.

நிறைய பேர் இதை மாலைக்கண்ணோடு குழப்பிக்கிறாங்க. மாலைக்கண் என்பது இருட்டிய பிறகு பார்வை மங்குவது. அது வேறு, இது வேறு.

இப்போ நம்ம ஊர்ல சொல்ற சில விஷயங்களுக்கு வருவோம்.

"மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்." இதைக் கேட்காத வீடு இருக்காது. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ பிள்ளைகள் சின்ன வயசில் கண் மருத்துவரையே பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

"வளர வளர சரியாயிடும்." பிறந்து முதல் சில மாதங்கள் குழந்தையின் கண் அங்குமிங்கும் போவது சகஜம். ஆறு மாதத்துக்கு மேலும் விலகி நின்றால் காட்டியே ஆக வேண்டும்.

"கர்ப்பமா இருந்தப்போ அம்மா எதையோ பார்த்துட்டா." அந்த அம்மா மேல பழி போடறதை இன்னையோட நிறுத்திடுவோமே.

சின்ன வயசிலேயே ஏன் காட்டணும் என்று கேட்டால், விலகி இருக்கிற கண்ணில் இருந்து வருகிற காட்சியை மூளை கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவிடும். அந்தக் கண்ணில் பார்வை வளராமல் நின்றுவிடும். இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். நல்ல கண்ணை மூடி, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை ஏழெட்டு வயசுக்குள் நன்றாகப் பலன் தரும். அதற்கு மேலும் சில பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் முயன்று பார்ப்பது உண்டு.

இங்கே இருக்கிற சிலருக்கு "அய்யோ, நாங்க விட்டுட்டோமே"ன்னு தோணலாம். அந்தக் கவலையைப் பிள்ளை முன்னாடி காட்டாதீங்க. கண்ணை நேராக்கும் ஆபரேஷனுக்கு வயசு வரம்பு கிடையாது. 15 வயசிலும் செய்யலாம், 50 வயசிலும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதுவரை நேராக இருந்த கண் டீன் ஏஜில் திடீரென்று விலகினால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், கூடவே தலைவலி, வாந்தி, இமை தொங்குவது என்று இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க. அது நரம்பு, மூளை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். "அடுத்த வாரம் பாக்கலாம்" வேண்டாம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் கயிறு தொய்ந்து, மறுபக்கம் இறுகி இருந்தால் கட்டில் கோணலாகும். தொய்ந்ததை இறுக்குவோம், இறுகியதைத் தளர்த்துவோம். மாறுகண் ஆபரேஷனும் கிட்டத்தட்ட இதுதான். கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு மேல் இருக்கும் மெல்லிய சவ்வைத் திறந்து, தசை ஒட்டியிருக்கும் இடத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தித் தளர்த்துவார்கள், அல்லது தசையைக் கொஞ்சம் குறைத்து இறுக்குவார்கள். தையல் நூல் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். முகத்தில் வெட்டு இல்லை, தழும்பு இல்லை. கண்ணை வெளியே எடுப்பதே கிடையாது. இதை அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

சில நேரம் ஒரு கண்தான் விலகி இருக்கும், ஆனால் டாக்டர் "ரெண்டு கண்ணுலயும் செய்யணும்" என்பார். "நல்லா இருக்கிற கண்ணை எதுக்குத் தொடணும்?" என்று வீட்டில் சண்டையே வரும். இரண்டு கண்ணும் சேர்ந்து சமநிலைக்கு வர வேண்டும் என்பதால் சிலருக்கு இரண்டிலும் செய்ய வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே விளக்கம் கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை.

ஆபரேஷனால் என்ன நடக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி போடும் பிள்ளைக்குக் கண்ணாடி போகாது. சோம்பேறிக் கண்ணில் பார்வை கூடாது. ஒரே ஆபரேஷனில் முழுசாக நேராகிவிடும் என்றும் உத்தரவாதம் இல்லை. சிலருக்குப் பிற்காலத்தில் இரண்டாவது முறை தேவைப்படும். இதெல்லாம் முன்னாடியே பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

அதே சமயம் "இது வெறும் அழகுக்குத்தானே, எதுக்கு ரிஸ்க்?" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். சிலருக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் திறன் மேம்படும். ஆழம், தூரம் கணிப்பது எளிதாகும். உள்பக்கம் திரும்பிய கண் நேரானால் பக்கவாட்டில் தெரியும் பரப்பும் கூடும். இதெல்லாம் இல்லாவிட்டாலும், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச முடிவது சின்ன விஷயமா?

பிள்ளை மனசில் ஓடுவது

என் தம்பி குரூப் போட்டோ என்றால் எப்போதும் இடது ஓரத்தில் நிற்பான், முகத்தை லேசாகத் திருப்பி. செல்ஃபி ஒரே பக்கத்தில் இருந்துதான். வகுப்பில் அவன் யாரையாவது பார்த்துப் பேசினால், அந்தப் பையன் பின்னாடி திரும்பிப் பார்த்துட்டு "என்கிட்டயா பேசுற?" என்று கேட்பான். ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். வீட்டில் "பையன் அமைதி"ன்னு பேர்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வார்டில் சேர்த்தாயிற்று. அப்பா டாக்டரிடம் பேசிவிட்டார், மாமா காப்பீட்டு கவுண்டரில் பேசிவிட்டார், அம்மா சாமிக்கு வேண்டிக்கொண்டாகிவிட்டது. ராத்திரி எட்டு மணி இருக்கும். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, கண்ணை வெளிய எடுத்து வச்சிட்டுத்தான் பண்ணுவாங்களாமே. திரும்ப வைக்கும்போது தப்பாயிட்டா?"

வகுப்பில் யாரோ சொன்ன கதை. மூணு வாரமா அதை மனசுக்குள்ளேயே வச்சிருக்கான். காலையில் கையெழுத்துப் போட்ட பிறகும் ஓடிப்போய்விடலாமா என்று யோசித்திருக்கிறான்.

பரிசோதனைக்கு வந்த மயக்க மருந்து டாக்டரிடம் "இவனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க மேடம்" என்று கேட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவனைப் பார்த்து, அவனிடமே பேசினார். "கண்ணை எடுக்க மாட்டோம்பா. மேல இருக்கிற தசையை மட்டும்தான் தொடுவோம். வேற என்ன கேக்கணும்?" அவன் மூணு கேள்வி கேட்டான். நடுவுல முழிச்சுக்குவேனா? டிரஸ் மாத்தும்போது யார் இருப்பாங்க? சரியாகலேன்னா?

முதல் கேள்விக்கு, "நீ முழிக்கிற வரைக்கும் உன் நாடித்துடிப்பு, மூச்சு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே உன் தலைமாட்டுல ஒருத்தர் இருப்பாங்க" என்றார். இரண்டாவதுக்கு, "நீயே மாத்திக்கிட்டு வரலாம்" என்றார். மூன்றாவதுக்கு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "நேராகும்னு எதிர்பார்த்துத்தான் பண்றோம். கொஞ்சம் மிச்சம் இருந்தா அதுக்கும் வழி இருக்கு. பார்வைக்கே ஆபத்து வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்." முழுதாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் தூங்கிட்டான்.

பெரியவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் செலவு, நாள், ரிசல்ட் பற்றியவை. பிள்ளையின் கேள்விகள் வேறு. அதை யாராவது கேட்டு வாங்கணும்.

எப்படிப் பேசுவது?

ஒன்று: டாக்டர் அறைக்குள் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. 18 வயசுக்குள் இருப்பதால் ஒப்புதல் கையெழுத்து நம்முடையது. ஆனால் முகம் அவர்களுடையது. "உனக்குச் சம்மதமா?" என்று நேராகக் கேளுங்க. கேள்விகளை முன்கூட்டியே செல்போனில் நோட்ஸ்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அவனுக்கும் சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

இரண்டு: பொய் சொல்லாதீங்க. "வலிக்கவே வலிக்காது"ன்னு சொல்லிட்டு, முழிச்சதும் உறுத்தினால் அடுத்து நீங்க சொல்ற எதையும் பிள்ளை நம்பாது. "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி கரகரன்னு இருக்கும். வலிக்கு மருந்து குடுப்பாங்க. நாலஞ்சு நாள்ல குறையும்" என்று உள்ளதைச் சொல்லுங்க.

மூன்று: பெண் பிள்ளைகளிடம் கல்யாணப் பேச்சு வேண்டவே வேண்டாம். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க"ன்னு ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுகிட்ட சொன்னா, இந்த ஆபரேஷன் யாருக்காகன்னு அவள் நினைப்பாள்? அவளுக்காக என்றுதான் அவள் மனசில் பதிய வேண்டும்.

நான்கு: "இனிமே நீ அழகாயிடுவ" என்பதும் வேண்டாம். இதுவரை அழகில்லை என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். "கண் சேர்ந்து வேலை செய்யும், உனக்குப் பேசறதுக்குச் சுலபமா இருக்கும்" போதும்.

ஐந்து: ஆபரேஷன் வீடியோக்கள். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் ராத்திரி போர்வைக்குள்ள தேடிப் பார்ப்பாங்க. ரத்தமும் கத்தியுமாக இருக்கும் வீடியோவைப் பார்த்துப் பயந்து போனவர்கள் உண்டு. தடை போடுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து, படம் வரைந்து விளக்கும் வீடியோவாகத் தேடிச் சேர்ந்து பாருங்க.

ஆறு: கட்டுப் போட்ட முகத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க, ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

பையன் அழுதால் "ஆம்பளப் புள்ள அழலாமா"ன்னு கேட்க வேண்டாம். தூக்கமே வராத அளவுக்குப் பயம், சாப்பாடு இறங்கவில்லை என்றால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் பேசலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 எண்ணும் இருக்கிறது. பிள்ளையே நேராக அழைத்துப் பேசலாம்.

எங்கே போவது, என்ன வேண்டும்?

பள்ளிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவினர் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்துப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். கண்ணாடி தேவைப்படும் மாணவர்களுக்குக் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளரைப் பார்க்கலாம். அங்கிருந்து அரசு மருத்துவமனை, பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவு. சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கியது, 200 ஆண்டுகளைத் தாண்டிய மருத்துவமனை.

தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றித் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பல பேருக்கு அங்கேதான் சிக்கல்.

சேர்ப்பதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆபரேஷன் எங்கள் அட்டையில் வருமா? ஒப்புதல் வர எத்தனை நாள் ஆகும்? வெளியே எதற்காவது பணம் கட்ட வேண்டுமா? சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா எண் 1800 425 3993.

போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: பழைய கண்ணாடிச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் விவரம், அப்புறம் பழைய போட்டோக்கள். ஆமாம், முதல் பிறந்தநாள், பள்ளிக்கூட அடையாள அட்டை, கல்யாண வீட்டில் எடுத்தது என எல்லாவற்றையும் போனில் ஒரே ஆல்பமாகப் போட்டு வையுங்கள். கண் எப்போதிலிருந்து, எந்தப் பக்கம் விலகியது என்று டாக்டருக்கு அது சொல்லும். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது மிக முக்கியம்.

தேதி முடிவு செய்யும்போது பரீட்சை அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு மாதம் வேண்டாம். ஆண்டுத் தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசி, மே மாதம் வசதியாக இருக்கும். ஆனால் அந்தச் சமயம் கூட்டமும் அதிகம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

ஆபரேஷன் நாள்

முந்தைய நாளே தலைக்குக் குளிக்க வையுங்கள். அப்புறம் சில நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. கண்மை, நகப்பூச்சு, நகை எதுவும் வேண்டாம். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பெண் பிள்ளைகளுக்கு அன்றைக்கு மாதவிடாய் வந்துவிடுமோ என்ற பயம் இருக்கும், கேட்கக் கூச்சப்படுவார்கள். நர்ஸ் அக்காவிடம் சொன்னால் போதும், பொதுவாக அதற்காக ஆபரேஷனை நிறுத்துவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகச் சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தைத் துல்லியமாகப் பின்பற்றுங்கள. "பிள்ளை பசியோட இருக்கேன்னு" ஒரு பிஸ்கட் கொடுத்தால்கூட அது ஆபத்து.

பெரும்பாலும் அன்றைக்கே அல்லது மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முழித்ததும் வாந்தி வரலாம், இந்த ஆபரேஷனில் அது சகஜம். கண்ணீர் லேசான ரோஸ் நிறத்தில் வரலாம். பயந்து நீங்க முகம் மாறினால் பிள்ளை அதைவிடப் பயப்படும். தலையணை மேல் பழைய துண்டு ஒன்று விரித்து வையுங்கள், போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கண்ணின் வெள்ளைப் பகுதி ரத்தச் சிவப்பாக இருக்கும். சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். வெளிச்சம் பட்டால் கூசும். சிலருக்குக் கொஞ்ச நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். மூளை புதிய நிலைக்குப் பழக நேரம் எடுக்கிறது. அது போகும் வரை சைக்கிள் ஓட்ட வேண்டாம், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கட்டும்.

சொட்டு மருந்துக்குப் போனில் அலாரம் வையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை லேசாக இழுத்து, ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள், "சிவப்பு போயிடுச்சே"ன்னு பாதியில் நிறுத்தாதீங்க.

கழுத்துக்குக் கீழ் குளிக்கலாம். கிணறு, நீச்சல் குளம், கடல் எல்லாம் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம். தூசி பறக்கிற மைதானமும் அப்படித்தான். கண்ணைக் கசக்கவே கூடாது. தூங்கும்போது கவசம் கொடுத்திருந்தால் போடுங்கள். செல்போன் பார்ப்பதால் தையல் பிரியாது, ஆனால் கண் சோர்ந்துபோகும். கொஞ்ச நேரம் பார்த்து, கொஞ்ச நேரம் ஓய்வு.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைப் பூ என்று யாராவது கொண்டுவருவார்கள். அன்போடு வாங்கி வைத்துவிடுங்கள், கண்ணில் மட்டும் விட வேண்டாம். "முட்டை, கறி சாப்பிட்டா சீழ் பிடிக்கும்" என்பார்கள். அப்படி இல்லை. டாக்டர் வேறு எதுவும் சொல்லாதவரை வழக்கமான சாப்பாடுதான்.

பார்வை மங்குவது, வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, வீக்கம் அதிகமாவது, சீழ் வருவது, காய்ச்சல், கண்ணை ஒரு பக்கம் திருப்பவே முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். மறுபரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடி முன்னால் பிள்ளை நிற்கும். முதல் நாளே பார்த்துவிட்டு "சரியாகவே இல்லை" என்று உடைந்துபோகலாம். கண் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு சொல்லலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வருகிறவர்கள் எல்லாம் "எங்க, நேராப் பாரு பாப்போம்" என்று சோதனை நடத்துவதைத் தடுக்க வேண்டியதும் உங்கள் வேலைதான்.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரம், பத்து நாளில் பள்ளிக்குத் திரும்பலாம். வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். சிவந்த கண்ணைப் பார்த்து "மெட்ராஸ் ஐ"ன்னு ஒதுங்குவார்கள், கிண்டலும் வரும். ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடும்.

இன்னொன்று. கண் நேராவதும் மனசு நேராவதும் ஒரே நாளில் நடக்காது. ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்தும் என் தம்பி போட்டோவில் இடது ஓரத்துக்கே போய் நின்றான். அம்மா "இப்பதான் சரியாயிடுச்சே, நடுவுல நில்லுடா" என்றார்கள். "விடும்மா, அவனே வருவான்" என்றேன். பல வருஷப் பழக்கம், அதற்கும் ஆற நேரம் வேண்டும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"லேசர்ல பண்ணிட்டா சீக்கிரம் முடிஞ்சிடாதா?"

லேசர் சிகிச்சை கண்ணாடி பவரைக் குறைப்பதற்கு. அதையும் 18 வயது முடிந்து, பவர் மாறாமல் நின்ற பிறகுதான் பொதுவாகச் செய்வார்கள். மாறுகண் தசை சம்பந்தப்பட்டது. அதற்குத் தையல் போடும் ஆபரேஷன்தான்.

"கண் பயிற்சி செஞ்சா சரியாகாதா?"

பக்கத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்பக்கம் குவிய முடியாத ஒரு வகைக்குப் பயிற்சி நன்றாக உதவும். எல்லா மாறுகண்ணுக்கும் உதவாது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் செய்யுங்கள். போனில் வரும் "30 நாளில் மாறுகண் மறையும்" விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீங்க.

"என் பொண்ணு வேண்டவே வேண்டாம்னு அழறா. கட்டாயப்படுத்தலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு நன்றி. முதலில் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கேளுங்க. வலி பயமா, மயக்க மருந்து பயமா, வகுப்பில் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற கூச்சமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. அவளையும் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள். தள்ளிப்போட்டால் பார்வைக்கு நஷ்டம் உண்டா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். நஷ்டம் இல்லை என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருப்பதில் தப்பில்லை. முடிந்தால், ஏற்கெனவே இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அக்காவோடு பேச வையுங்கள். நீங்களும் நானும் பத்து நாள் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செய்ய மூன்று வேலை சொல்லி முடிக்கிறேன். 104, 14416, 1800 425 3993, இந்த மூன்று எண்ணையும் போனில் சேமியுங்கள். குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயரைச் சரிபாருங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, டிவியை அணைத்துவிட்டு, "உனக்கு இதுல என்ன பயம்?"னு பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டுட்டு, அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாம இருங்க.